நாகையாவின் மூன்றாவது காது

மழுங்கிப்போன சவர பிளேடைத் தூக்கி எறியக்கூடாது. கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் லேசாக ஈரம் தொட்டு, பிளேடை வளைவோடு ஒட்டவைத்து, விரலால் அமுக்கி முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தேய்த்தால் இன்னும் ஒரு வாரம் உழைக்கும். விரல் தப்பினால் அது விரலின் தலையெழுத்து.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி ஆண்களின் முகவாய் இந்த வித்தைக்குக் கடன்பட்டிருந்தது. வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் நாகையா. ஸ்டவ்வின் மூக்கு அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தாதே, துளை பெருத்துவிடும், குதிரை வால் மயிர் ஒன்று போதும் என்பார். கிராமபோன் ஊசி தீர்ந்துவிட்டதா, எலுமிச்சை முள்ளை வெயிலில் காயவைத்துச் செருகு, பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டினமாதிரி இருக்கும், ஆனால் பாடுவாள் என்பார். கோடரிக் காம்பு ஆடினால் தண்ணீரில் போடு. சைக்கிள் சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விடாதே, எறும்பு ஏறும். கேட்டவர்களுக்குச் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். அவர் வீட்டில் ஒரு பொருள் பழுதாகாமல் முழுசாக இருந்தால் அவருக்குக் கை ஓடாது. மனைவி பவுனம்மாள் அரிவாள்மனையை மட்டும் அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

அவருடைய வேலை சக்கரம் தட்டுவது. கோலாலம்பூர் நிலையத்துக்கு வரும் வண்டிகளின் சக்கரங்களை நீளக் காம்பு வைத்த சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல சக்கரம் கோயில் மணிபோலக் கணீரென்று இழுக்கும். விரிசல் விழுந்தது கொட்டாங்கச்சி மாதிரி ‘டொக்’ என்று செத்த குரலில் பேசும். அப்படிப் பேசினால் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி, பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ‘டொக்’கைத் தவறவிட்டால், கிள்ளானுக்குப் பாசார் என்கிற சந்தை பார்க்கப் போகிற ஜனம் ஆற்றையும் பார்த்துவிட்டுத்தான் வரும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நாகையா வெகுகாலம் பட்டறையில் பாய்லருக்குள் உட்கார்ந்து ஆணி அடித்தவர். அங்கே சம்பளத்தைக் கையில் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடித்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வந்தது ஒரு கடிகாரத்தால்.

கூட வேலை பார்க்கும் கன்னையாவின் வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம். அது அடிக்கடி நின்றுபோகிறது என்று கூப்பிட்டான். நாகையாவுக்கு அது சின்ன விஷயம். ஆடுகிற கடிகாரம் நின்றால் பாதிக்குப் பாதி கோளாறு சுவரில்தான். டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டு, சமமாகும்வரை அடியில் அட்டையைச் சொருகினால் முடிந்தது. அவர் காதை வைத்தார். டிக்கும் இல்லை, டாக்கும் இல்லை. சரி, செத்துவிட்டது என்று இறக்கி, கழற்றி, பல்சக்கரங்களையெல்லாம் தட்டில் பரப்பிவிட்டார்.

கன்னையா பதறிக்கொண்டு வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் வாய் பெரிதாகத் திறந்து மூடியது.

“ஓடிக்கிட்டிருந்த கடியாரத்த ஏன் மாமா பிரிச்சீங்க? இப்பத்தானே மணி அடிச்சுது!”

நாகையா தட்டைப் பார்த்தார். பிறகு கன்னையாவின் வாயைப் பார்த்தார். “எண்ண போடணும்டா, அதான்” என்றார். கடிகாரத்துக்கு எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி, சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர் அன்று யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்து அழுகிற ஆள் அல்ல அவர். காது போனால் பல் இருக்கிறது. பட்டறையில் என்ஜினுக்குள் எந்த இடத்தில் தேய்கிறது என்று கண்டுபிடிக்க, மரப்பிடி போட்ட திருப்புளியின் முனையை இரும்பில் ஊன்றி, பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். சத்தம் தாடை வழியாக மண்டைக்குள் ஏறும். நாகையா ஒரு மெல்லிய இரும்புக் கம்பிக்கு மரப்பிடி போட்டார். இடது கையால் கம்பியைச் சக்கரத்தில் ஊன்றி, பிடியைக் கடித்துக்கொண்டு, வலது கையால் தட்டினார். கணீர் என்பது பல்வரிசை முழுக்கக் கூசிக்கொண்டு ஓடியது. பார்த்தவர்கள் கிழவன் நாள் முழுக்கப் பல் விளக்குகிறான் என்று சிரித்தார்கள். நாகையாவும் சிரித்தார், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்காததால் தாராளமாகவே சிரித்தார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது.

ஆடுகிற கோடரிக் காம்பைத் தண்ணீரில் போடலாம். ஆடுகிற பல்லை என்ன செய்வது? முன்பல்லால் கடித்துப் பார்த்தார். சத்தம் மெலிந்து வந்தது. ஒரு காலையில் அவர் தட்டிவிட்டு நகர்ந்த சக்கரத்தைப் பின்னால் வந்த கன்னையா, ஏதோ தோன்றி, இன்னொரு தடவை தட்டினான். நின்றான். மறுபடி தட்டினான். சாக்கட்டியை எடுத்துப் பெருக்கல் குறி போட்டான்.

நாகையா திரும்பிப் பார்த்தார். கன்னையா பக்கத்தில் வந்து, அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினான்: “செத்த சத்தம் மாமா! நல்லாவே செத்த சத்தம்!”

அந்தப் பெட்டியைக் கழற்றித் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாகையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகப் பரிந்து பேச விரும்புகிறவர்கள் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போவது நல்லது. அவரால் தாண்ட முடியவில்லை. ஆனால் “எனக்குக் காது கேக்கல” என்று போய்ச் சொல்கிற காலமும் அது இல்லை.

ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த காலம். தோட்டங்களில் ஆள்குறைப்பு, ரயில்வேயிலும் ஆள்குறைப்பு. வேலை போனவன் நாதியற்றுத் தெருவில் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று, இந்தியாவுக்கு இலவசமாகக் கப்பல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் அதை ‘ஓசிக் கப்பல்’ என்றார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் ஏறினால் நாகப்பட்டினத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து எங்கே போவது என்பதற்கு மட்டும் கப்பல்காரர்களிடம் பதில் கிடையாது.

நாகையாவுக்கு அங்கே இருந்த ஒரே சொத்து ஒரு பெரியப்பன் மகன். அவன் இவர் பங்கு வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, வழியையும் வேலி போட்டு அடைத்துவிட்டான். பவுனம்மாளுக்கோ அதுவும் இல்லை. அவள் கிள்ளானுக்கு அந்தப்பக்கம் காப்பார் தோட்டத்தில் பிறந்தவள். அண்ணன் தம்புசாமி இன்னும் அங்கேதான் இருந்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. இந்தியா என்பது அவளுக்குச் சாமி படத்தில் பின்னால் வரைந்திருக்கிற மலை மாதிரி.

“ஊருக்குப் போனா அங்க எனக்கு யாரு?” என்று ஒரு தடவை கேட்டாள். நாகையா, “சாயங்காலம் பாக்கலாம்” என்றார். அவர் எதைக் காதில் வாங்கிக்கொண்டு அப்படிச் சொன்னார் என்று அவள் விசாரிக்கவில்லை.

கண்ணாலும் காதாலும் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் வைத்தியப் பரிசோதனை என்று உத்தரவு வந்தது. ஆளைத் திருப்பி நிறுத்தி, பின்னால் இருந்து கிசுகிசுப்பார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கன்னையா இதைக் கையாலும் வாயாலும் நடித்துக் காட்டினான். கடைசியில் கேட்டான், “என்னா மாமா செய்யப் போறீங்க?”

நாகையாவின் கண் அவன் தலைக்கு மேலே போய், தந்திக் கம்பத்தில் ஓடிய தொலைபேசிக் கம்பியில் நின்றது.

பெட்டாலிங் தெருவில் பழைய சாமான் விற்கும் சீன முதலாளி, தவுக்கே ஒருவர் இருந்தார். அவருடைய தையல் மிஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. ஊசியைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள் என்பதைக் கண்டுபிடித்ததற்குக் கூலியாக, நாகையா ஓர் உடைந்த தொலைபேசியைக் கேட்டு வாங்கினார். பேசுகிற குமிழ் ஒன்று, கேட்கிற குமிழ் ஒன்று, கிடந்த கம்பி, டார்ச் விளக்குக்குப் போடுகிற மின்கட்டை இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வளையமாகக் கோர்த்தால் காது தயார். கையில் தொழில் இருக்கிறவர்கள் செய்து பார்க்கலாம். சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேசுகிற குமிழுக்குள்ளே கரித்தூள் இருக்கிறது. அது ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஊமையாகிவிடும், விரல் நுனியால் சுண்ட வேண்டும். துணி உரசினால் இடி இடிக்கும், ஆகையால் கம்பளித் துண்டில் சுற்ற வேண்டும். முக்கியமாக, இரண்டு குமிழையும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்க விடக்கூடாது. பார்த்தால் நரி மாதிரி ஊளையிடும்.

கேட்கிற குமிழைக் காதோடு வைத்து, மேலே தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டினார். மின்கட்டைகள் சட்டைக்குள்ளே இடுப்பில். பேசுகிற குமிழை எங்கே வைப்பது? பரிசோதனையில் பின்னால் இருந்து அல்லவா பேசுவார்கள்! தோளில் போடும் துண்டின் உட்புறத்தில் ஒரு பை தைத்து, குமிழை அதில் இட்டு, துண்டை முதுகுப் பக்கமாகத் தொங்கவிட்டார். முதுகில் ஒரு காது. இப்படி ஒரு வசதி எந்தத் துரைக்கும் அன்றைக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் ஒத்திகை. நாகையா சுவரைப் பார்த்து நின்றார். பவுனம்மாள் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள்.

“என்னான்னு சொல்றது?” என்று கேட்டாள்.

நாகையா விறைத்து நின்றார். அவர் மண்டைக்குள் ஒரு தகரடப்பா திறந்தமாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து எறும்புக்குக் குரல் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி, அவர் பெண்டாட்டி பேசினாள். இரண்டு வருஷமாக வாயசைவாக மட்டும் இருந்தவள்.

“என்னான்னு சொல்றதுன்னு கேக்குற” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, சமையல்கட்டுச் சங்கதிகளில் வாய்க்கு வந்ததையெல்லாம் கிசுகிசுத்தாள்.

“முருங்கக்கா.”

“முருங்கக்கா.”

“புளி தீந்துபோச்சு.”

“புளி தீந்துபோச்சு. எப்ப?”

“மூணு நாளாச் சொல்றேன்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “என் அருவாமனையத் தொட்டா கைய வெட்டுவேன்.”

“எங்க வெச்சிருக்க அத?”

“சொல்ல மாட்டேன் போங்க.”

கொஞ்ச நேரம் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. நாகையா குமிழைச் சுண்டலாமா என்று கையைத் தூக்கினார். அப்போது, மிக மெதுவாக:

“என்னைக் கப்பல்ல ஏத்திராதீங்க. சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் நான் செத்தா அழுறதுக்கு ஒரு நாய்கூட எனக்குக் கெடையாது.”

இதை நாகையா திருப்பிச் சொல்லவில்லை.

“கேட்டுச்சா, கேக்கலையா?” என்றாள் பவுனம்மாள்.

“கேட்டுச்சு.”

பரிசோதனை நாளில் ரயில்வே மருந்தகத்தின் வெளிப் பெஞ்சில் கன்னையாவும் வேறு சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டிரெசர் முத்துக்குமாரு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு. மருந்து கலக்குவது, புண் கட்டுவது, துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே மொழி பெயர்ப்பது எல்லாம் அவர்தான். ஆள் கறார், ஆனால் கெட்டவர் அல்ல. அவருக்கு முன்னால் தோளில் துண்டு இருந்தாலும் குற்றமில்லை. அவரும் முதல் தேதிக்குக் காத்திருக்கிறவர்தான்.

“அந்தக் கதவைப் பாத்துக்கொண்டு நில்லும் நாகையா. நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்ல வேணும், விளங்குதோ?”

“விளங்குதுங்க ஐயா” என்றார் நாகையா. முதுகு கேட்டது.

முத்துக்குமாரு அறையின் மறுகோடிக்குப் போய் நின்று கிசுகிசுத்தார். “குடை.”

“குடைங்க.”

“மழைக்காலம்.”

“மழைக்காலமுங்க.”

“கோழிக்குஞ்சு.”

“கோழிக்குஞ்சுங்க ஐயா.”

டிரெசர் புருவத்தைத் தூக்கினார். இந்த ஆளைப் பற்றி அவர் வேறு மாதிரிக் கேள்விப்பட்டிருந்தார். சரி, இன்னும் ஒரு சொல் சொல்லி முடிக்கலாம் என்று வாயைத் திறந்தார். நாகையாவுக்கு எதிரே இருந்த கதவு திறந்தது. டாக்டர் துரை உள்ளே வந்தார்.

எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. கம்பி, மின்கட்டை, கரித்தூள், கம்பளி, எதையும் நாகையா மறக்கவில்லை. ஆனால் ஒத்திகையில் பவுனம்மாள்தான் இருந்தாள், துரை இல்லை. பதினாலு வயதில் இந்த மண்ணில் கால் வைத்த நாள் முதலாக, துரை எதிரே வந்தால் அந்தக் கை என்ன செய்து பழகியதோ அதை அது யாரையும் கேட்காமல் செய்தது. மேலே போனது. தோள் துண்டைப் பிடித்தது. மரியாதையாக இழுத்துக் கக்கத்தில் இடுக்கப் பார்த்தது.

துண்டோடு குமிழ் வந்தது. குமிழோடு கம்பி வந்தது. கம்பி தலைப்பாகைக்குள் இருந்ததையும் இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு குமிழும் சிமெண்டுத் தரையில் விழுந்து, ஒன்றையொன்று முகம் பார்த்துப் படுத்தன.

துரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். முத்துக்குமாரு மருந்துப் புட்டியைக் கை தவறவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் வாசலில் வந்து முட்டினார்கள். அந்த ஊளை கேட்காதவர் அறையில் ஒரே ஓர் ஆள்தான். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, பணிவாக நின்றார்.

துரைதான் குமிழைத் திருப்பிப் போட்டார். பிறகு சாவகாசமாகக் குனிந்து எல்லாவற்றையும் எடுத்து, கம்பியைப் பின்தொடர்ந்து நாகையாவின் இடுப்புவரை வந்தார். கேட்கிற குமிழைத் தம் காதில் வைத்துக்கொண்டு, மற்றதை முத்துக்குமாருவிடம் நீட்டிப் பேசச் சொன்னார். கேட்டதும் குழந்தைபோலச் சிரித்தார். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்றார். இரண்டு கையாலும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் உட்கார்ந்து, ‘தகுதியில்லை’ என்று எழுதினார். இதில் துரையைத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் சங்கடம். அவரும் ரயிலில் போகிறவர்.

“ஐயா, மூணு சொல்லும் சொன்னேனே! கேட்டுச்சே ஐயா!” என்றார் நாகையா.

“உமக்கெங்க கேட்டது? உம்மட தோள் துவாய்க்கெல்லோ கேட்டது!” என்றார் முத்துக்குமாரு. வாசலில் நின்ற கன்னையாகூடச் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகப் பிறகு ரொம்ப நாள் வருத்தப்பட்டான்.

“ரயில்வே கேட்டுக்குக் காவக்காரனாப் போடச் சொல்லுங்க. கக்கூசு கழுவுறேன். நிலக்கரி சுமக்குறேன். அந்த வீடு மட்டும்...” நாகையா துரையின் பூட்ஸைப் பார்த்துக் குனிந்தார். முத்துக்குமாரு அவர் கையைப் பிடித்து நிமிர்த்தினார். அவர் முகத்தில் இப்போது கேலி இல்லை. நாகையாவின் காதில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினார்:

“வேலை இல்லை! மாச முடிவுக்குள்ளை வீட்டை விடவேணும்! ரெண்டு பேருக்கும் கப்பல் பாஸ் தருவினம்!”

பெஞ்சில் இருந்தவர்களுக்கும், ரோட்டில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு போனவனுக்கும், ஆக மொத்தம் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. ஆகையால் நாகையா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பவுனம்மாளுக்குச் செய்தி தெரிந்திருந்தது.

வாசலில் அவள் இல்லை. உள்ளே போனார். அடுப்பு அணைந்திருந்தது. தரை நடுவில் இரண்டு மூட்டைகள் இருந்தன. ஒன்று அவருடைய பழைய வேட்டியில் கட்டியது. அதற்குள் அவர் சட்டை இரண்டு, கம்பளி, சுத்தியல், திருப்புளிகள். இன்னொன்று அவள் சேலையில் கட்டியது. அதன் மேலே அரிவாள்மனை.

“எதுக்கு ரெண்டு?” என்றார் நாகையா.

பவுனம்மாள் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மின்கட்டை தீர்ந்துபோயிருந்தது, கம்பி அறுந்திருந்தது. அவள் திரும்பச் சொல்லவில்லை. அவருடைய மூட்டையைத் தொட்டு, கடல் இருக்கிற திசையைக் காட்டினாள். தன் மூட்டையைத் தொட்டுக் காப்பார்ப் பக்கம் காட்டினாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நாகையா தரையில் உட்கார்ந்தார். எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பூட்டுகிற கை, அந்த இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவே ஒன்றும் தெரியாமல் கிடந்தது. வெளியே மூன்று மணி வண்டி போனது; தரை அதிர்ந்ததால் தெரிந்தது.

அவர் தம் மூட்டையை அவிழ்த்தார். சட்டையை எடுத்து அவள் மூட்டைக்குள் திணித்தார். பவுனம்மாள் திரும்பிப் பார்த்து, வந்து, அதை எடுத்து வெளியே போட்டாள். அவர் மறுபடி திணித்தார். அவள் மறுபடி எடுத்தாள்.

“தம்புசாமி வீட்டு வாசல்ல நாய் மாதிரிக் கெடக்குறேன் புள்ள” என்றார் நாகையா. தாம் கத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அடுப்பங்கரைகளில் எல்லாக் கரண்டிகளும் நின்றன. “கப்பலுக்குப் போகல. ரெண்டு பேரும் போகல.”

அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தம்புசாமிக்கும் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அவன் பெண்டாட்டியின் வாய் காப்பார் முழுக்கப் பிரசித்தம். சொந்தத் தங்கச்சிக்கே அங்கே இடம் உண்டா என்பது நிச்சயமில்லை. செவிட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயமாக இல்லை. இதையெல்லாம் அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பிரயோசனம் இல்லை.

வெளியே கிடந்த சட்டையை எடுத்தாள். உதறினாள். மடித்து, தன் மூட்டைக்குள் சேலைக்கு அடியில் வைத்து, முடிச்சை இறுக்கினாள்.